வீட்டில் ஒரு வாரம் படம் பார்த்து, பட்டதைக் குறித்துவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தைப் பார்த்தால் போதாதா? நோட்டும் பேனாவும் எதற்கு?

பொழுதுபோக்குக்கு என்றால் எதுவும் வேண்டாம். ஆனால் "எனக்கு என்ன தோன்றியது" என்று பிறகு சொல்ல நினைத்தால் குறிப்பு இல்லாமல் முடியாது. மூன்றாம் நாள் மனதில் மிஞ்சுவது நம் கருத்தா, காலையில் யாரோ பேசிய வீடியோவின் கருத்தா என்று பிரிக்க வராது.

வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தியேட்டரில் இருட்டு, ஒலி, திரை எல்லாம் நமக்காக ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். வீட்டில் அதெல்லாம் நம் பொறுப்பு. "இரண்டாம் பாதி இழுவை" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் நடந்தது, வசனம் சரியாகக் கேட்கவில்லை, நடுவில் இரண்டு முறை போன் வந்தது, மணி பதினொன்றரை ஆகிவிட்டது. படத்தின் குறை எது, வீட்டின் குறை எது என்று பிரிப்பதற்காகத்தான் கீழே உள்ள அத்தனை ஏற்பாடும்.

ஏழு நாளுக்கு ஏழு படமா?

வேண்டாம், ஐந்து போதும். ஆறாம் நாள் அந்த ஐந்தில் ஒன்றை மறுபடி பார்ப்பதற்கு. ஏழாம் நாள் நோட்டைப் படிப்பதற்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 நிமிடப் படம், இரவு 9 மணிக்குத் தொடங்கினால், இடைவேளைக்குப் பத்து நிமிடமும் குறிப்பு எழுதப் பத்து நிமிடமும் சேர்த்து 11:50 ஆகும். காலை ஆறு மணிக்கு எழுகிறவர் இதை இரண்டு நாள் தாங்குவார். மூன்றாம் நாள் கடைசி அரை மணி நேரம் கண் சொருகும், குறிப்பில் "கிளைமாக்ஸ் சுமார்" என்று வரும். ஆகவே வேலை நாட்களில் 120 நிமிடத்தை ஒட்டியவை. அதைவிட நீளமானதை, மறுநாள் சீக்கிரம் எழ வேண்டாத வெள்ளி இரவுக்கு வையுங்கள். பகலில் பார்ப்பதானால் ஜன்னலை மறைத்தாக வேண்டும். சாதாரண பருத்தித் திரை போதாது, அடர் நிறப் போர்வையை மேலே போட்டால் போதும்.

எந்தப் படங்களை, எந்த வரிசையில்?

பட்டியலை ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிடுங்கள். இரவு எட்டே முக்காலுக்கு ஓடிடியைத் திறந்து தேட ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் டிரெய்லரிலேயே போய்விடும். அந்தக் களைப்போடு எதைப் பார்த்தாலும் பிடிக்காது.

வரிசையில் கவனிக்க வேண்டியது, முந்தைய நாள் படம் அடுத்த நாள் படத்தின் மேல் நிழல் போடும் என்பது. மோசமான ஒன்றைப் பார்த்த மறுநாள் சுமாரான படம்கூடத் தங்கமாகத் தெரியும். கனத்த படம் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது வெறும் சோர்வாக மிஞ்சும். ஐந்தும் ஐந்து விதமாக இருக்கட்டும்.

மாதிரிக்கு ஒன்று. திங்கள், அந்த நாள் (1954): எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது, ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். குறிப்பெழுதப் பழக இதைவிட நல்ல படம் அரிது. ஒவ்வொரு வாக்குமூலம் முடியும்போதும் "இப்போது யார் மேல் சந்தேகம்" என்று ஒரு பெயரை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். முடிவில் அந்தப் பெயர் வரிசையைப் பார்த்தால், இயக்குநர் உங்களை எங்கெல்லாம் திருப்பினார் என்று தெரியும். புதன், வீடு (1988): பாலு மகேந்திரா இயக்கியது. இதிலும் பாட்டு இல்லை. இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த ஓர் இசைத்தொகுப்பிலிருந்து பின்னணி இசை எடுக்கப்பட்டது. வெள்ளி, நாயகன் (1987): பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, இருட்டுக்கும் நிழலுக்கும் பஞ்சமில்லாதது, உங்கள் டிவியின் லட்சணம் இதில் தெரிந்துவிடும். மற்ற இரண்டில் ஒன்று உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கட்டும், இன்னொன்று இந்த ஆண்டு வந்த புதுப்படமாக.

டிவியில் எதை மாற்ற வேண்டும்?

கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அமைப்பிலேயே பல வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மணி நேர வேலை, ஒருமுறை செய்தால் போதும்.

முதலில் படப் பயன்முறை. "விவிட்", "டைனமிக்", "ஸ்டாண்டர்ட்" இவற்றை விட்டு "சினிமா", "மூவி" அல்லது "ஃபிலிம்மேக்கர் மோட்" என்று இருப்பதற்கு மாற்றுங்கள். மாற்றியதும் எல்லாம் மஞ்சளடித்ததுபோல் தெரியும். அதுதான் சரியான வெள்ளைக்கு அருகில் இருப்பது. இத்தனை நாள் பார்த்தது நீலம் தூக்கலான வெள்ளை. இரண்டு நாள் விட்டுப் பிடியுங்கள், பழைய முறைக்குத் திரும்பினால் முகங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பதுபோல் தோன்றும்.

அடுத்தது அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. எல்ஜியில் "ட்ரூமோஷன்", சோனியில் "மோஷன்ஃப்ளோ", சாம்சங்கில் "ஆட்டோ மோஷன் ப்ளஸ்" அல்லது "பிக்சர் கிளாரிட்டி" என்ற பெயரில் இருக்கும். சினிமா நொடிக்கு 24 பிரேம். இந்த வசதி இரண்டு பிரேம்களுக்கு நடுவே இல்லாத பிரேம்களைத் தானே உண்டாக்கிச் செருகுகிறது. அதனால்தான் பெரிய படம்கூட மாலை சீரியல்போல் தெரிகிறது. கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும், படத்துக்கு அணைத்துவிடுங்கள்.

அணைத்த பிறகு கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் சின்னத் திணறல் தெரியலாம். 24 பிரேமை 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், காட்டும்போது ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று சமமில்லாமல் வரும், காரணம் அதுதான். ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி போன்ற கருவிகளில் படத்தின் மூல பிரேம் வேகத்தோடு பொருத்தும் அமைப்பு உண்டு, அதை இயக்கினால் பெரும்பாலும் தீரும்.

மின்சேமிப்பு அமைப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப மாறும் அமைப்பு, "டைனமிக் கான்ட்ராஸ்ட்" மூன்றையும் அணையுங்கள். இருட்டுக் காட்சியில் "ஒன்றுமே தெரியவில்லை" என்ற புகாருக்கு ஒளிப்பதிவாளரைவிட இந்த மூன்றே அதிகம் பொறுப்பு. கூர்மையைக் குறையுங்கள். பல டிவிகளில் 0 அல்லது அதற்குச் சற்று மேல், சோனியில் 50 என்பது நடுநிலை. கூட்டி வைத்தால் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

இருட்டில் மேகம்போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது இணைய வேகத்தின் வேலை. முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் தடையில்லாமல் வர வேண்டும், 4கே என்றால் 15. அதே நேரத்தில் வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பு எதையாவது இறக்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. பெரிதாக்கிப் பார்க்கலாமா?

கூடாது. டிவியின் திரை 16:9. சினிமாஸ்கோப் படம் அதைவிட அகலமானது, 2.39:1. ஆகவே திரை உயரத்தில் முக்கால் பங்கைத்தான் நிரப்பும். பெரிதாக்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய கால் பங்கு படம் வெட்டுப்படும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் ராஜராஜ சோழன் (1973). அதற்கு முந்தைய படங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 4:3 வடிவம், அவற்றுக்குப் பட்டை இடமும் வலமும் வரும். அதை இழுத்து நிரப்பினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். சில பழைய படங்களின் இணையப் பதிவே வெட்டப்பட்டுத்தான் கிடைக்கிறது. எழுத்து போடும்போது பெயர்கள் ஓரத்தில் பாதியாகத் தெரிந்தால் அது வெட்டுப்பட்ட பிரதி, வேறு பதிவு தேடுங்கள்.

எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்?

32 அங்குல டிவிக்கு நாலரை அடி, 43க்கு ஆறு அடி, 55க்கு ஏழரை அடி. நம் கூடங்களில் சோபா சுவரோரம்தான் கிடக்கும், தூரம் பன்னிரண்டு அடி. படம் பார்க்கும்போது மட்டும் ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். நடிகரின் கண் அசைவு தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த ஐந்தாறு அடியில் இருக்கிறது. அறை விளக்கை அணைத்து, டிவிக்குப் பின்புறம் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தால் கண்ணுக்கு இதம்.

சண்டை காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவே இல்லை. ஏன்?

தியேட்டர் ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வரும். டிவியில் அந்த நடு ஸ்பீக்கர் இல்லை. 5.1 தடத்தை, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்த ஒலியை, இரண்டு ஸ்பீக்கருக்குள் அமுக்கும்போது வசனம் அடங்கிப்போகிறது. ஓடிடியில் ஒலித் தேர்வுக்குப் போய் "5.1" என்று போடாத தடம் இருந்தால் அதை எடுங்கள். டிவியின் ஒலி வெளியீட்டை "ஸ்டீரியோ" அல்லது "பிசிஎம்" ஆக்குங்கள். இரவு முறை என்று ஒன்று இருந்தால் அது உரத்ததையும் மெல்லியதையும் நெருங்க வைக்கும், பக்கத்து வீட்டாருக்கும் நல்லது. ஆனால் ஒலியமைப்பைப் பற்றிக் கருத்து எழுதப்போகிற படத்துக்கு அதைப் போடாதீர்கள். சவுண்ட்பாரில் நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் போதும்.

இதையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டியது, மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்பது. மெல்லிய ஒலிகளை முதலில் விழுங்குவது அதுதான். வீடு போன்ற படத்தில் இசை அடங்கி, தெரு ஓசையும் மழையும் பேசும் இடங்கள் உண்டு. விசிறிச் சத்தத்தில் அவை வெறும் "ஒன்றும் நடக்காத" காட்சிகளாகிவிடும்.

புளூடூத் இயர்போனில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனால் டிவியில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கும். இல்லாவிட்டால் கம்பி இயர்போனுக்குப் போங்கள். பழைய படங்களின் சில பதிவுகளில் ஒரே காதில் மட்டும் ஒலி வரும். போனில் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அமைப்புகளில் "மோனோ" ஒலியை இயக்கினால் இரண்டு காதிலும் கேட்கும்.

இடைவேளை விட வேண்டுமா?

இடைவேளைக்காக எழுதப்பட்ட படத்துக்குக் கட்டாயம் விடுங்கள். நம் திரைக்கதைகள் அந்த இடத்தில் ஒரு முடிச்சைப் போட்டு, பத்து நிமிடம் உங்களை அதோடு தவிக்கவிடுகிற கணக்கில் கட்டப்பட்டவை. "இடைவேளை" என்ற எழுத்து வந்த அடுத்த நொடியே தொடர்ந்தால் அந்த முடிச்சு வீணாகிறது, இரண்டாம் பாதியின் தொடக்கமும் தொய்வாகத் தெரிகிறது. பத்து நிமிடம் எழுந்து நடங்கள், டீ போடுங்கள். போனை எடுக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரே வரி: "இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்?" பின்னால் மிக உதவும்.

இடைவேளையே இல்லாமல் எடுத்த வெளிநாட்டுப் படத்தை முடிந்தவரை ஒரே மூச்சில் பாருங்கள்.

ஒரே இரவில் முடிக்க முடியவில்லை. மறுநாள் மீதியைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் பத்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள், நோட்டில் "இரண்டு நாளில் பார்த்தது" என்று எழுதுங்கள். மின்சாரம் போய் வந்தால் இரண்டு நிமிடம் பின்னால் போனால் போதும். மூன்று தவணையில் பார்த்த படத்தைப் பற்றி வேகம், தாளம் என்றெல்லாம் கருத்துச் சொல்ல உரிமை இல்லை, நடிப்பைப் பற்றிச் சொல்லலாம்.

ஒன்றேகால் வேகத்தில் ஓட்டினால் நேரம் மிச்சமாகுமே?

150 நிமிடம் 120 ஆகும், உண்மைதான். போவது அரை மணி நேரம் மட்டுமில்லை. ஒருவர் பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் இரண்டு நொடி நடிகரும் படத்தொகுப்பாளரும் சேர்ந்து எடுத்த முடிவு. தகவல் வீடியோவுக்கு வேகம் சரி, படத்துக்குச் சரியில்லை. பொறுக்க முடியாத படம் என்றால் நிறுத்திவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். அதுவும் ஒரு நேர்மையான கருத்து.

தெரியாமலே வேகம் கூடியிருப்பதும் உண்டு. "பால்" (PAL) என்ற பழைய டிவி ஒளிபரப்பு முறைக்கான டிவிடிகளில் 24 பிரேம் 25 ஆக ஓடுகிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பல டிஸ்க்குகளில் பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிக் கேட்கும். மனப்பாடமான பாட்டு "என்னமோ மாதிரி" இருந்தால் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

பிறமொழிப் படத்துக்குத் தமிழ் டப்பிங்கா, சப்டைட்டிலா?

நடிப்பைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் மூல ஒலியோடு சப்டைட்டில். குரல் நடிப்பில் பாதி. ஆனால் சப்டைட்டில் படிக்கும் நேரத்தில் முகம் போய்விடும், அதுதான் அதன் விலை. எழுத்தின் அளவைச் சிறிதாக்கினால் இரண்டு வரியும் ஒரே பார்வையில் அடங்கும். ஆங்கில சப்டைட்டிலை மெதுவாகப் படிப்பவர் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், டப்பிங்கில் பார்த்துவிட்டு அப்படியே குறிப்பிட்டால் போதும். வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து பார்ப்பதானால் டப்பிங்தான். "என்னடா சொல்றான்" என்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் இருவருக்கும் படம் போய்விடும்.

படம் ஓடும்போது என்ன எழுதுவது?

வாக்கியம் எழுதாதீர்கள். நேரமும் ஒரு சொல்லும் மட்டும், படம் முழுக்க ஆறேழு இடங்களுக்கு மேல் வேண்டாம். போனில் எழுதினால் வாட்ஸ்அப் இழுத்துவிடும், காகிதம்தான் நல்லது. இப்படி இருந்தால் போதும்:

0:18 – யார் இவர்? புரியலை
0:42 – முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்
1:05 – போனைப் பார்த்தேன்
1:31 – அம்மா சிரித்தார், எனக்கு வரவில்லை
2:02 – தொண்டை அடைத்தது

உடம்பு செய்ததை எழுதுவதில் பொய் கலக்க இடமில்லை. "உருக்கமான காட்சி" என்பது தீர்ப்பு, "தொண்டை அடைத்தது" என்பது நடந்தது. போனைப் பார்த்த இடம் மிக முக்கியம். மூன்று படத்தில் எங்கெங்கே போனை எடுத்தீர்கள் என்று சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு எது அலுக்கிறது என்பது எந்த விமர்சகரையும்விடத் தெளிவாகத் தெரியும்.

முடிந்த பிறகு?

பத்து நிமிடத்துக்குள், யாருடைய கருத்தையும் படிப்பதற்கு முன், ஐந்து வரி. எந்த ஒரு பிம்பம் கண்ணில் நிற்கிறது. எங்கே நம்பினீர்கள், எங்கே நம்பவில்லை. இடைவேளையில் நினைத்தது நடந்ததா. யார் மேல் கோபம் அல்லது பரிவு. கடைசி வரி வீட்டுக்கு: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த ஓடிடி அல்லது சேனல், யாரோடு, எத்தனை தடை. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

"நல்லா இருந்தது", "செம", "மொக்கை", "ஃபீல் குட்" நான்கையும் அந்த வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். எழுத வராமல் திணறுவீர்கள். அந்தத் திணறலுக்குப் பிறகுதான் "அப்பா கதாபாத்திரம் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை, அது பிடித்தது" என்பதுபோல் ஒரு வரி வரும்.

மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு ஒரு வரி சேருங்கள்: இன்னும் என்ன நினைவிருக்கிறது? இரவு எழுதிய ஐந்து வரியும் இதுவும் பல நேரம் ஒத்துப்போகாது.

எத்தனை நட்சத்திரம் போடலாம்?

வாரம் முடியும்வரை எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை மூன்றரை போட்டுவிட்டால், மற்ற நான்கும் அந்த மூன்றரைக்கு மேலா கீழா என்றுதான் மனம் அளக்கும்.

எல்லோரும் கொண்டாடும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. என் ரசனையில் கோளாறா?

கடைசி வரியைப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் பார்த்ததா? தூங்கினீர்களா? தூங்கியிருந்தால் கருத்தை நிறுத்திவைத்து, ஆறாம் நாள் மறுபார்வைக்கு அந்தப் படத்தையே எடுங்கள். விழிப்போடு, முழுசாக, நல்ல பிரதியில் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். எந்த நிமிடத்தில் விட்டுப்போனது என்று காட்ட முடிந்தால் உங்கள் கருத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பழைய படங்களில் இன்னொரு பொறி உண்டு: நடிப்பு மிகையாகத் தோன்றுவது. நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்கள், அந்தக் காலத்து ஒலிப்பதிவு, கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டிய வசனம். முதல் இருபது நிமிடத்துக்குள் தீர்ப்பெழுதாதீர்கள், காது பழக அவ்வளவு ஆகும்.

வீட்டில் எல்லோரோடும் பார்த்தால் குறிப்பு கெடாதா?

மாறும், கெடாது. நகைச்சுவைக் காட்சிக்குத் தனியாக இருக்கும்போது வராத சிரிப்பு நாலு பேரோடு வரும். குடும்பத்தோடு பார்க்கும் படுக்கையறைக் காட்சியில் காட்சியைவிட அறையின் மௌனம்தான் நினைவிருக்கும். வாரத்தில் இரண்டு படமாவது சேர்ந்து பாருங்கள், ஆனால் மற்றவர் சொன்னதைத் தனி வரியில், அவர் பெயரோடு எழுதுங்கள். பாட்டி சொன்னதை நம் கருத்தாக்கிக்கொள்வது சுலபம்.

டிவியில் போட்ட படத்தைப் பார்த்துக் கருத்து எழுதலாமா?

எந்தப் பிரதி என்று சொல்லிவிட்டு எழுதலாம். ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே சேனலில் ஒளிபரப்ப முடியாது, காட்சிகளைக் குறைத்து யு அல்லது யு/ஏ வாங்கிய பிறகே வரும். அதன் மேல் விளம்பர நேரத்துக்காகப் பாட்டும் போகலாம். "திடீரென்று காட்சி தாவுகிறது, எடிட்டிங் சரியில்லை" என்று எழுதுமுன் படத்தின் மொத்த நேரத்தை ஒப்பிடுங்கள். தணிக்கைச் சான்றிதழில் உள்ள நிமிடமும் நீங்கள் பார்த்ததும், விளம்பரத்தைக் கழித்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் படத்தொகுப்பாளரை விட்டுவிடுங்கள்.

ஆறாம் நாள் எந்தப் படத்தை மறுபடி பார்ப்பது?

மிகப் பிடித்ததை வேண்டாம். இரவுக் குறிப்பும் காலை வரியும் எந்தப் படத்துக்கு அதிகமாக முரண்படுகிறதோ அதை. நாற்காலியின் இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள், பழைய குறிப்பைப் பார்க்காமல் புதுத் தாளில் எழுதுங்கள். அந்த நாள் போன்ற மர்மப் படமானால் முடிவு தெரிந்தபின் பொய் சொல்கிறவரின் முகத்தை மட்டும் கவனியுங்கள், வேறு படம்போல இருக்கும்.

ஏழாம் நாள் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஒரே நிமிடத்தில் இரண்டு முறையும் குறி விழுந்த இடங்களை வட்டமிடுங்கள். நண்பர்களுக்கு எழுதுவதாக இருந்தால் அந்த வட்டங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை மட்டும் விழுந்த குறிகளுக்குப் பக்கத்தில் அன்றைய கடைசி வரியைப் படியுங்கள், பெரும்பாலும் மின்விசிறியோ தூக்கமோ அங்கே இருக்கும்.